இதழாளராவதற்கு என்ன தகுதி? சட்டம் கேட்பதும் செய்தியறை கேட்பதும்

இதழியல் துறைக்கு வர விரும்பும் மாணவர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: இதற்கு என்ன படிக்க வேண்டும்? இக்கேள்விக்கு இரண்டு விடைகள் உள்ளன. சட்டத்தின் விடை ஒரு வரியில் முடிந்துவிடும்: எந்தப் படிப்பும் கட்டாயமில்லை. நடைமுறையின் விடை நீளமானது. சட்டம் கேட்காத பல தகுதிகளைச் செய்தியறைகள் எங்கும் எழுதிவைக்காமலேயே கேட்கின்றன. அவற்றுள் பல, சாதியச் சமூகத்தில் சிலருக்குப் பிறப்போடு வந்துவிடுபவை. மற்றவர்கள் முயன்று, செலவிட்டு, காத்திருந்து பெற வேண்டியவை.

முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குச் சென்றிருக்கும் தலித் மாணவர் இவ்விரு விடைகளையும் சேர்த்தே அறிந்திருக்க வேண்டும். ஒன்றை மட்டும் அறிந்தால், பட்டம் இருந்தால் வேலை கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையிலோ, பட்டமே பயனற்றது என்ற விரக்தியிலோ போய் நிற்க நேரிடும். பட்டம் ஒரு கருவி. அது அனுமதிச் சீட்டு அன்று. இந்த வேறுபாடு தெளிவானால், எந்தப் பயிற்சிக்குப் பணமும் காலமும் செலவிடலாம் என்று முடிவு செய்வது எளிதாகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மருத்துவரும் வழக்கறிஞரும் தத்தம் தொழில்சார் மன்றங்களில் பதிவு செய்த பின்னரே தொழில் புரிய முடியும். இதழாளருக்கு அத்தகைய பதிவேடு இந்தியாவில் இல்லை. செய்தி சேகரித்து வெளியிடும் உரிமை, அரசமைப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவு எல்லாக் குடிமக்களுக்கும் வழங்கும் கருத்துரிமையிலிருந்தே பிறக்கிறது. பத்திரிகைகளுக்கெனத் தனியாக ஓர் உரிமை அரசமைப்பில் எழுதப்படவில்லை. பேராசிரியருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் உள்ள அதே உரிமையைக் கொண்டே ஒரு நாளிதழும் இயங்குகிறது.

1955ஆம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டமும் ஒருவர் செய்யும் பணியை வைத்தே அவரை இதழாளர் என வரையறுத்தது. பத்திரிகைத் தொழிலை முதன்மைத் தொழிலாகக் கொண்டு செய்தித்தாள் நிறுவனத்தில் பணியாற்றுபவர் என்பதே அதன் அளவுகோல். ஆசிரியர், செய்தியாளர், உதவி ஆசிரியர், கேலிச்சித்திரக் கலைஞர், செய்திப் புகைப்படக் கலைஞர், மெய்ப்புத் திருத்துநர் ஆகியோர் அதில் அடங்கினர். இவர்களில் எவருக்கும் கல்வித் தகுதி விதிக்கப்படவில்லை. இதழ்களைப் பதிவு செய்வதற்கான 2023ஆம் ஆண்டின் சட்டமும் ஆசிரியராக இருப்பவரிடம் பட்டச் சான்றிதழைக் கேட்பதில்லை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. அரசு வழங்கும் அங்கீகார அட்டையே இதழாளராக இருப்பதற்கான உரிமம் எனப் பலர் எண்ணுகின்றனர். காவல் நிலையங்களிலும் அரசு அலுவலகங்களிலும் அந்த அட்டையைக் கேட்டுச் செய்தியாளர்களைத் திருப்பி அனுப்புவதும் நடக்கிறது. அங்கீகார அட்டை என்பது தலைமைச் செயலகம் போன்ற இடங்களுக்குள் நுழையவும், சில சலுகைகளைப் பெறவும் அரசு தரும் வசதி மட்டுமே. அது இல்லாதவர் இதழாளர் அல்லர் என்று எந்தச் சட்டமும் கூறவில்லை.

கல்வித் தகுதியைக் கட்டாயமாக்கும் பேச்சு அவ்வப்போது எழுவதுண்டு. 2013 மார்ச்சில், அன்றைய இந்தியப் பிரஸ் கவுன்சில் தலைவர் மார்க்கண்டேய கட்ஜு, இதழாளர்களுக்குக் குறைந்தபட்சக் கல்வித் தகுதியைப் பரிந்துரைக்க ஒரு குழுவை அமைத்தார். அதே ஆண்டு ஆகஸ்டில், ஒன்றியத் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சராக இருந்த மணீஷ் திவாரி, பொதுத் தேர்வும் உரிமமும் வேண்டும் என்ற யோசனையை முன்வைத்தார். இரண்டுமே நடைமுறைக்கு வரவில்லை. செய்தியின் தரம் உயர வேண்டும் என்ற கவலை நியாயமானதே. ஆனால், தரக்குறைவுக்குக் காரணம் செய்தியாளரிடம் பட்டம் இல்லாமையா, நிறுவனத்தின் உடைமையும் விளம்பர வருவாயும் செய்தியின்மீது செலுத்தும் அழுத்தமா என்ற கேள்வியை இந்த யோசனைகள் தொடவில்லை. உரிமம் என்று ஒன்று வந்தால் முதலில் வெளியே நிறுத்தப்படுபவர் யார் என்பதை வரலாறு நமக்குத் தெளிவாகவே காட்டுகிறது.

சான்றிதழ் இல்லாதவர்கள் நடத்திய இதழ்கள்

தமிழில் தலித் மக்கள் நடத்திய இதழ்களின் வரலாறு 1869இல் வெளிவந்த ‘சூரியோதயம்’ வரை பின்னோக்கிச் செல்கிறது. 1893 அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். இழிவாகச் சுமத்தப்பட்ட பெயரையே தலைப்பாக்கிய அந்த இதழ் 1900 வரை வெளிவந்தது. 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழ’னை வெளியிட்டார், ஓராண்டுக்குப் பின் ‘தமிழன்’ எனப் பெயர் மாறிய அவ்விதழை 1914இல் மறையும் வரை நடத்தினார். அவர் தொழிலால் சித்த மருத்துவர். பல்கலைக்கழகங்களில் இதழியல் ஒரு பாடமாக வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முந்தைய காலம் அது. பிரிக்கப்படாத இந்தியாவில் லாகூரின் பஞ்சாப் பல்கலைக்கழகம் இதழியல் துறையைத் தொடங்கியது 1941இல்தான்.

அம்பேத்கர் கொலம்பியாவிலும் இலண்டனிலும் பொருளியல் படித்தவர். 1920 ஜனவரி 31 அன்று, கோல்ஹாப்பூர் சாகு மகாராஜின் நிதியுதவியுடன் ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கினார். அதன் வருகையை அறிவிக்கும் விளம்பரத்தைக் கட்டணம் பெற்று வெளியிடக்கூட ‘கேசரி’ இதழ் முன்வரவில்லை. பின்னர் 1927இல் ‘பகிஷ்கிருத் பாரத்’, 1930இல் ‘ஜனதா’, 1956இல் ‘பிரபுத்த பாரத்’ என அவர் தொடர்ந்து இதழ்களை நடத்தினார்.

இவ்வரலாற்றை நாம் நினைவுகூர்வது பெருமைக்காக மட்டும் அன்று. இவர்கள் பிறரது செய்தியறைக்குள் இடம் கேட்டு நிற்காமல் சொந்த அச்சுமேடையை உருவாக்கினர். காரணம், அன்றைய செய்தியறைகளில் அவர்களுக்கு இடமில்லை. இன்று நிலை மாறிவிட்டதா என்பதே அடுத்த கேள்வி.

எழுதப்படாத தகுதிகள்

1996இல் டெல்லியில் ‘வாஷிங்டன் போஸ்ட்’ செய்தியாளராக இருந்த கென்னத் கூப்பர் என்ற ஆப்பிரிக்க அமெரிக்கர், தாம் பேசுவதற்கு ஒரு தலித் இதழாளரைக் கண்டுபிடித்துத் தருமாறு மூத்த இதழாளர் பி.என். உனியாலிடம் கேட்டார். உனியால் அரசின் அங்கீகாரம் பெற்ற செய்தியாளர்களின் பட்டியலை எடுத்துத் தேடினார். ஒருவரைக்கூட அவரால் கண்டறிய இயலவில்லை. அவ்வாண்டு நவம்பரில் ‘பயனியர்’ நாளிதழில் இதை அவர் எழுதியபோதுதான், அதுவரை கேட்கப்படாமலேயே இருந்த கேள்வி பொதுவெளிக்கு வந்தது.

2006இல் அனில் சமாடியா, ஜிதேந்திர குமார், யோகேந்திர யாதவ் ஆகியோர் டெல்லியின் 37 இந்தி, ஆங்கில ஊடகங்களில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்த 315 இதழாளர்களைக் கணக்கெடுத்தனர். ஒருவர்கூடத் தலித்தோ பழங்குடியினரோ இல்லை. உயர்சாதி இந்து ஆண்கள் மட்டும் 71 விழுக்காட்டு இடங்களில் இருந்தனர். 2019இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்டரியும் இணைந்து வெளியிட்ட ஆய்வு, செய்தியறைகளின் 121 தலைமைப் பொறுப்புகளைப் பார்த்தது. 106 பொறுப்புகளில் உயர்சாதியினர் இருந்தனர். பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஒருவரும் இல்லை.

சட்டம் எந்தத் தகுதியையும் கேட்காத ஒரு துறையில் இந்நிலை எவ்வாறு நீடிக்கிறது? தகுதி எழுதப்படாததே அதற்கு ஒரு காரணம். அரசுப் பணிக்கு அறிவிப்பு உண்டு, தேர்வு உண்டு, இடஒதுக்கீடு உண்டு, மறுக்கப்பட்டால் வழக்குத் தொடரவும் வழி உண்டு. தனியார் செய்தி நிறுவனங்களில் பல பணியிடங்கள் அறிவிக்கப்படாமலேயே நிரம்புகின்றன. யாரோ ஒருவர் யாரையோ அறிந்திருக்க வேண்டும். மாணவர் பயிற்சிக் காலத்தில் ஊதியமின்றிச் சென்னையிலோ டெல்லியிலோ சில மாதங்கள் தங்க முடிந்திருக்க வேண்டும். அந்த மாதங்களுக்கான அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் வீட்டிலிருந்து வர வேண்டும். ஆங்கிலம் தயக்கமின்றி வர வேண்டும். நேர்காணலில் சொந்த ஊர், தெரு, தந்தையின் பெயர், தொழில் என்று நீளும் விசாரிப்பு எங்கே போய் முடியும் என்பது நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தமிழ்ச் செய்தியறைகளில் பணி தேடிய அனுபவத்திலிருந்து இச்சிக்கலை ஆய்வாளர் ஜெ. பாலசுப்பிரமணியம் 2011இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’ இதழில் எழுதினார். தமிழ்த் தலித் இதழ்களின் வரலாற்றைத் தொகுத்தவரும் அவரே.

ஆகவே, ‘தகுதி’ என்ற சொல்லை நாம் இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டியுள்ளது. பயிற்சியால் பெறக்கூடிய திறன்கள் ஒரு வகை. பிறப்பாலும் தொடர்பாலும் வரும் வசதிகள் மற்றொரு வகை. முதலாவதை எங்கே பெறலாம் என்பதை இனிப் பார்ப்போம்.

பயிற்சிக்கான வழிகள்

பல்கலைக்கழகப் பட்டம்: சென்னை, மதுரை காமராசர், மனோன்மணியம் சுந்தரனார், பாரதியார், பெரியார் முதலிய பல்கலைக்கழகங்களில் இதழியல், தொடர்பியல் துறைகள் உள்ளன. அரசுப் பல்கலைக்கழகங்களில் தமிழ்நாட்டின் 69 விழுக்காடு இடஒதுக்கீடு பொருந்தும். இதில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடும் (அதற்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு), பழங்குடியினருக்கு 1 விழுக்காடும் உண்டு. கட்டணமும் குறைவு. இளநிலையில் பலர் தேர்ந்தெடுக்கும் காட்சித் தொடர்பியல் படிப்பு, திரைப்படம், விளம்பரம், வடிவமைப்பு ஆகியவற்றையே பெரிதும் நோக்கியது. செய்தி எழுதும் பயிற்சி அதில் சிறு பகுதியாகவே இருக்கும். செய்தியாளராக விரும்புபவர் பாடத்திட்டத்தைப் பார்த்த பின்னரே அதில் சேர வேண்டும். வரலாறு, பொருளியல், தமிழ் இலக்கியம், சட்டம் என எந்தப் பட்டம் பெற்றவரும் முதுநிலையில் இதழியலுக்கு வரலாம். ஒரு துறையை ஆழமாகப் படித்துவிட்டு வருபவருக்கு அத்துறைச் செய்திகளில் கூடுதல் பலம் கிடைக்கும். கல்லூரிக்கு நேரில் செல்ல இயலாதவர்களுக்கு இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் முதுநிலைப் பட்டயப் படிப்பை நடத்துகிறது.

ஒன்றிய அரசின் நிறுவனம்: இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனம் 1965இல் டெல்லியில் தொடங்கப்பட்டது. ஒன்றிய அரசின் விதிப்படி பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடும், பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடும் இடஒதுக்கீடு உண்டு. ஆங்கிலம், இந்தி, உருது, ஒடியா, மராத்தி, மலையாளம் ஆகிய மொழிகளில் அது இதழியல் படிப்புகளை வளர்த்தெடுத்துள்ளது. தமிழுக்கு அந்த வரிசையில் இடமில்லை. தமிழ் மாணவர் ஆங்கில வழியில்தான் செல்ல வேண்டும். எனினும், நாடு முழுவதும் உள்ள செய்தியறைகளில் அந்நிறுவனத்தின் முன்னாள் மாணவர்கள் பணியாற்றுவதால், எழுதப்படாத தகுதிகளில் ஒன்றான ‘தொடர்பு’ அங்கே கிடைக்கிறது.

மாநில அரசின் நிறுவனம்: 2025இல் தமிழ்நாடு அரசு சென்னை கோட்டூர்புரத்தில் சென்னை இதழியல் நிறுவனத்தைத் தொடங்கியது. தமிழ், ஆங்கிலம் ஆகிய இரு மொழிகளிலும் ஓராண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பு அங்கு நடத்தப்படுகிறது. தமிழிலேயே செய்தியாளராகப் பணியாற்ற விரும்பும் மாணவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

தனியார் பட்டயப் படிப்புகள்: இவற்றுள் பெயர் பெற்றது, 2000ஆம் ஆண்டு முதல் சென்னையில் இயங்கும் ஆசிய இதழியல் கல்லூரி. ஓராண்டுக்கும் குறைவான காலத்தில் தீவிரமான பயிற்சியைத் தரும் இத்தகைய நிறுவனங்களின் கட்டணம் சில இலட்சங்களைத் தொடும். அக்கல்லூரி தலித், பழங்குடி மாணவர்களுக்கென உதவித்தொகைகளை வழங்கி வந்துள்ளது. இடங்கள் சிலவே என்பதால் விண்ணப்பக் காலத்தைத் தவறவிடக் கூடாது. வேலைவாய்ப்பு உறுதி என விளம்பரம் செய்யும் சிறு பயிற்சி மையங்கள் ஒவ்வொரு நகரத்திலும் உள்ளன. அவற்றில் சேரும் முன், சென்ற ஆண்டு படித்தவர்கள் இப்போது எங்கே பணியாற்றுகின்றனர் என்று கேட்டு, அவர்களில் ஒருவரிடமாவது நேரில் பேசுவது நல்லது.

இதழ்களின் மாணவர் திட்டங்கள்: விகடன் குழுமம் 1980களில் தொடங்கிய மாணவப் பத்திரிகையாளர் திட்டம் தமிழில் நன்கு அறியப்பட்டது. கல்லூரியில் படித்துக்கொண்டே செய்தி எழுதிப் பழகும் இத்தகைய திட்டங்களுக்குக் கட்டணம் இல்லை. தம் பெயரில் வெளியான செய்திகளின் தொகுப்பு ஒன்று மாணவரிடம் சேர்ந்துவிடும். நேர்காணலில் சான்றிதழைவிட இத்தொகுப்புக்கே மதிப்பு அதிகம்.

பகுதிநேர நிருபர் பணி: வட்டத் தலைநகரங்களிலும் ஒன்றியங்களிலும் நாளிதழ்களுக்கும் தொலைக்காட்சிகளுக்கும் செய்தி அனுப்புபவர்கள் பெரும்பாலும் நிரந்தர ஊழியர்கள் அல்லர். வெளியாகும் செய்திக்கு ஏற்பவே தொகை கிடைக்கும். பல இடங்களில் விளம்பரம் பிடித்துத் தருவதும் பணியோடு சேர்ந்து வரும். இவ்வழியில் நுழைவது எளிது. களத்தையும் விரைவாகக் கற்கலாம். அதன் ஆபத்தையும் அறிந்திருக்க வேண்டும். ஊரின் ஆதிக்கச் சாதிப் பிரமுகரிடம் பொங்கல் விளம்பரம் கேட்டு நிற்கும் நிருபர், அவர் வீட்டார் மீதான வன்கொடுமை வழக்கை எழுத முடியுமா? சேரியின் செய்தி மாவட்டத் தலைநகரைத் தாண்டாமல் போவதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம்.

சொந்த ஊடகம்: 2002இல் உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூட் மாவட்டத்தில் ‘கபர் லஹரியா’ என்ற இதழ் தொடங்கப்பட்டது. அதைப் பெரும்பாலும் தலித் பெண்களே நடத்துகின்றனர். பள்ளிக் கல்வியை முடிக்காத பெண்களும் செய்தி சேகரிக்கவும், எழுதவும், பின்னர் கைப்பேசியில் படம்பிடிக்கவும் அங்கே பணியினூடாகவே பயிற்சி பெற்றனர். அவர்களைப் பற்றிய ‘ரைட்டிங் வித் ஃபயர்’ என்ற ஆவணப்படம் 2022இல் ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. பட்டத்தைக் கட்டாயமாக்கும் சட்டம் ஒன்று இருந்திருந்தால், இப்பெண்களில் பலர் இதழாளராகியே இருக்க முடியாது.

உதவித்தொகை: சேரும் முன்பே கேட்க வேண்டியவை

போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகைக்குப் பெற்றோரின் ஆண்டு வருமான வரம்பு 2.5 இலட்சம் ரூபாய். இத்திட்டம் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களில் நடக்கும் அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கே பொருந்தும். பல்கலைக்கழகத்துடன் இணையாத தனியார் பட்டயப் படிப்பில் சேர்ந்த பின் உதவித்தொகை கிடையாது என்று அறிந்து, நடுவில் நின்றுவிடும் நிலை மாணவருக்கு வரக் கூடாது. ஆகவே, சேரும் முன் பின்வரும் ஐந்து கேள்விகளுக்கு எழுத்து வடிவில் விடை பெறுவது நல்லது.

1. இப்படிப்பைப் பல்கலைக்கழகமோ அரசோ அங்கீகரித்துள்ளதா? போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு இது தகுதி பெறுமா?

2. இடஒதுக்கீடோ, தலித் மாணவர்களுக்கான தனி உதவித்தொகையோ உண்டா? உதவித்தொகை கட்டணத்தை மட்டும் ஈடுசெய்யுமா, தங்கும் செலவையும் ஈடுசெய்யுமா?

3. வாரத்தில் எத்தனை நாட்கள் மாணவர் களத்துக்குச் சென்று செய்தி எழுதுவார்? அந்தச் செய்திகளைத் திருத்தித் தருபவர் செய்தியறையில் பணியாற்றியவரா?

4. நிறுவனப் பயிற்சிக் காலத்தில் மாணவருக்கு ஊதியம் உண்டா?

5. பயிற்று மொழி எது? தமிழில் எழுத இடமுண்டா?

மூன்றாம் கேள்விக்குச் சரியான விடை கிடைக்காத படிப்பில், மற்ற நான்குக்கும் நல்ல விடை கிடைத்தாலும், செய்தியாளராகும் பயிற்சி கிடைக்காது. செய்தி எழுதுதல் கைப்பழக்கத்தால் வருவது.

பாடத்திட்டத்துக்கு வெளியே கற்க வேண்டியவை

தமிழ் நாளிதழ்களின் உதவி ஆசிரியர் தேர்வில் ஆங்கிலச் செய்தி ஒன்றைத் தந்து தமிழாக்கச் சொல்வது வழக்கம். நாள்தோறும் ஒரு செய்தியைத் தமிழாக்கிப் பழகும் மாணவர் ஆறு மாதங்களில் தம் முன்னேற்றத்தைத் தாமே காண முடியும். இதற்குச் செலவு எதுவுமில்லை. ஆங்கிலம் குறித்த அச்சத்தையும் இப்பழக்கம் பெருமளவு போக்கும்.

அடுத்தது சட்ட அறிவு. வன்கொடுமைச் செய்தியை எழுதுபவர், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் 1995ஆம் ஆண்டின் அதன் விதிகளையும் படித்திருக்க வேண்டும். விசாரணை அதிகாரி துணைக் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாதவராக இருத்தல், 60 நாட்களுக்குள் விசாரணை முடித்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தல், பாதிக்கப்பட்டோருக்கான உடனடி நிவாரணத்தை 7 நாட்களுக்குள் வழங்குதல் ஆகியன விதிகளில் உள்ளன. கடமை தவறும் அரசு ஊழியரைத் தண்டிக்கச் சட்டத்தின் 4ஆவது பிரிவு உண்டு. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். முதலமைச்சர் தலைமையிலான மாநிலக் குழு ஜனவரியிலும் ஜூலையிலும் கூட வேண்டும். இவற்றை அறிந்த செய்தியாளருக்கு ஒவ்வொரு விதியும் ஒரு கேள்வி. நம் மாவட்டக் குழு சென்ற ஆண்டு எத்தனை முறை கூடியது? தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்துடன் ஒரு மனு அனுப்பினால், 30 நாட்களுக்குள் விடை தர வேண்டியது அலுவலரின் கடமை. அந்த விடையே ஒரு செய்தியாகும். விடை மறுக்கப்பட்டால் அதுவும் செய்தியாகும்.

பாதுகாப்புக்கான சட்டங்களும் உண்டு. பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானவரின் அடையாளத்தை வெளியிடுதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆவது பிரிவின்படி குற்றம். குழந்தைகள் தொடர்பான வழக்குகளில் போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவு ஊடகங்களைக் கட்டுப்படுத்துகிறது. அவதூறு இன்றும் குற்றவியல் வழக்குக்குரியது. ஆதாரங்களையும் குறிப்பேட்டையும் தேதியிட்டுப் பாதுகாப்பது, சொந்தமாக அலைவரிசை நடத்தும் இளைஞர்களுக்கு மிகவும் இன்றியமையாதது. அவர்களுக்குப் பின்னால் நிறுவனத்தின் வழக்கறிஞர் இருக்க மாட்டார்.

மொழியும் ஒரு பயிற்சியே. குடியிருப்புக்குள் புகுந்து வீடுகளை எரித்ததை ‘இருதரப்பு மோதல்’ என்றும், சாதியக் கொலையை ‘முன்விரோதம்’ என்றும் எழுதும் வழக்கம், காவல்துறைக் குறிப்பை அப்படியே அச்சேற்றுவதால் வருவது. ‘கௌரவக் கொலை’ என்று எழுதிவந்த தமிழ் ஊடகங்களில் இன்று ‘ஆணவக் கொலை’ என்ற சொல் நிலைபெற்றுவிட்டது. கௌரவம் எங்கிருந்து வந்தது என்று இயக்கங்களும் எழுத்தாளர்களும் விடாமல் கேட்டதால் நிகழ்ந்த மாற்றம் அது.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியலின மக்களுக்கான மேல்நிலைக் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது. ஈராண்டுகள் கடந்து, 2025 ஜனவரியில், சிபிசிஐடி காவல்துறை அக்குடியிருப்பைச் சேர்ந்த மூவர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. இத்தகைய தருணத்தில் செய்தியறைக்கு எப்படிப்பட்டவர் தேவை? காவல்துறையின் கூற்றைத் தீர்ப்பாக எழுதாதவர் தேவை. குற்றப்பத்திரிகையின் ஒவ்வொரு ஆதாரத்தையும் கேள்விக்கு உட்படுத்துபவர் தேவை. அம்மக்களின் மறுப்பைச் செய்தியின் கடைசி வரிக்குத் தள்ளாதவர் தேவை. எந்தச் சாதியில் பிறந்தவரும் இப்பயிற்சியைப் பெறலாம், பெறவும் வேண்டும். ஆனால், அந்தத் தெருவில் குடிநீர் பிடிப்பது எத்தகைய வாழ்க்கை என்பதைத் தன் வீட்டிலிருந்தே அறிந்த ஒருவர் ஆசிரியர் குழுக் கூட்டத்தில் அமர்ந்திருந்தால், எந்தக் கேள்வி முதலில் எழும் என்பது மாறும்.

தனிமனித முயற்சிக்கு அப்பால்

மேலே கூறிய அனைத்தையும் ஒரு மாணவர் கற்றுத் தேர்ந்த பின்னரும் செய்தியறையின் கதவு மூடியே இருக்கலாம். அப்போது குறை அவரிடம் இல்லை. பயிற்சியைப் பற்றிப் பேசும்போது நாம் மறக்கக் கூடாத உண்மை இது.

அமெரிக்காவில் 1968இல் வெளியான கெர்னர் ஆணைய அறிக்கை, செய்தித்துறையின் ஆசிரியர் பிரிவுகளில் கறுப்பினத்தவர் 5 விழுக்காட்டுக்கும் குறைவு என்று சுட்டிக்காட்டி, ஊடகங்களைக் கடுமையாக விமர்சித்தது. அதன் பின்னர், சிறுபான்மை இனத்தவருக்கான பயிற்சித் திட்டம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. 1978இல் அந்நாட்டுச் செய்தித்தாள் ஆசிரியர்களின் சங்கம், மக்கள்தொகை விகிதத்தைச் செய்தியறைகளில் 2000ஆம் ஆண்டுக்குள் எட்டுவதாக இலக்கு வைத்து ஆண்டுதோறும் கணக்கெடுத்தது. அந்த இலக்கு எட்டப்படவில்லை. எனினும், எவ்வளவு குறைவு என்பதை அத்துறையே எண்ணி, அச்சிட்டு ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. இந்தியச் செய்தி நிறுவனங்கள் அந்த முதல் அடியைக்கூட எடுத்து வைக்கவில்லை. நமக்குக் கிடைத்துள்ள எண்கள் எல்லாம் வெளியிலிருந்து ஆய்வாளர்கள் எண்ணித் தந்தவை.

எனவே, பயிற்சி பெறும் மாணவர்களும் அவர்களோடு நிற்கும் இயக்கங்களும் சில கோரிக்கைகளைச் சேர்ந்தே எழுப்ப வேண்டும். காலிப் பணியிடங்களைப் பொதுவில் அறிவித்து, எழுத்துத் தேர்வு நடத்தி நிரப்ப வேண்டும். மாணவர் பயிற்சிக் காலத்துக்கு ஊதியம் தர வேண்டும். ஆசிரியர் குழுவின் சமூக விகிதத்தை நிறுவனங்கள் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அரசு விளம்பரம் பெறும் நிறுவனங்களிடம் இவற்றைக் கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு. அந்த விளம்பரம் மக்களின் வரிப்பணம்.

கோரிக்கைகள் நிறைவேறும் வரை மாணவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. கல்லூரி விடுதியில் ஐந்து பேர் சேர்ந்தால் ஒரு செய்திக் குழு உருவாகிவிடும். ஒருவர் தகவல் அறியும் உரிமை மனு எழுதலாம், ஒருவர் முதல் தகவல் அறிக்கைகளைத் தேடிப் படிக்கலாம், ஒருவர் படம்பிடிக்கலாம், ஒருவர் எழுதலாம், ஒருவர் திருத்தலாம். விடுதியின் சமையலறை, உதவித்தொகையின் தாமதம், அருகிலுள்ள சேரியின் சுடுகாட்டுப் பாதை என எழுத வேண்டியவை கண்முன்னே உள்ளன. இந்த மாதம் ஒன்றை எடுத்துக்கொண்டு, இரு தரப்பையும் சந்தித்து, ஆவணத்தோடு எழுதி முடியுங்கள். அதைத் திருத்தி வெளியிட நம்மைப் போன்ற தளங்கள் உள்ளன. ஓராண்டில் அத்தகைய பன்னிரண்டு செய்திகளைக் கையில் வைத்திருப்பவரிடம், என்ன படித்திருக்கிறாய் என்று கேட்கும் ஆசிரியர்கூட முதலில் அவற்றைப் படித்தாக வேண்டியிருக்கும்.